சொந்தக் காரணங்களுக்காக: கட்சி பார்த்து வேலையை விட்டு நிறுத்தலாமா?

2019 மே மாதம் முதல் வாரம். பேர்ணாம்பட்டு – ஆம்பூர் சாலையோரக் கிராமம் ஒன்றில், காலை ஆறே முக்காலுக்கு என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, கம்பெனி வண்டிக்காக நின்றிருந்தான். கையில் டிபன் பை, கழுத்தில் அடையாள அட்டை. வண்டி வழக்கம்போலப் புளியமரத்தடியில் நின்றது. காத்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். கடைசியாக இவன் படியில் கால் வைத்தபோது டிரைவர் கையை நீட்டி, "உன்னை ஏத்த வேணாம்னு சொல்லிட்டாங்கப்பா" என்றார். உள்ளே இருந்தவர்களில் ஒருவர்கூட இவன் முகத்தைப் பார்க்கவில்லையாம். ஐந்து வருடம் கூட வேலை பார்த்தவர்கள்.

"மாமா, என்னை வண்டியில ஏத்தல" என்று எனக்கு போன் செய்தான். அப்போதும் ஏன் என்று அவனுக்குத் தெரியாது. டவுன் பஸ் பிடித்து கம்பெனி கேட்டுக்குப் போனான். அங்கே அரை மணி நேரம் நிற்க வைத்து, பிறகு ஆபீஸ் அறைக்குள் கூப்பிட்டார்கள். "வேலைக்கு வந்தா வேலையை மட்டும் பாக்கணும் தம்பி. ரிசைன் லெட்டர் எழுதிக் குடுத்துடு, கணக்கு முடிச்சு இன்னைக்கே காசு வாங்கிக்கோ. வேற கம்பெனியில கேட்டா நல்லபடியா சொல்றோம்." ஒரு வெள்ளைத் தாள், ஒரு பேனா. அவர்கள் சொல்லச் சொல்ல நான்கு வரி எழுதினான். அதில் மூன்றாவது வரி: "சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்."

உண்மையான காரணம் ஒரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். அந்த ஏப்ரலில் வேலூர் நாடாளுமன்றத் தொகுதி இருந்த நிலை பலருக்கு நினைவிருக்கும். ஏப்ரல் 18 அன்று நடக்கவிருந்த வாக்குப்பதிவு, பணம் பிடிபட்டதை அடுத்து இரண்டு நாள் முன்னதாக ரத்தானது. தேர்தல் ஆகஸ்ட் 5 அன்றுதான் நடந்தது. முடிவில் வித்தியாசம் 8,141 வாக்கு. நடுவில் இருந்த அந்த மூன்றரை மாதமும் டீக்கடை, சலூன், கம்பெனி கேன்டீன் எங்கே போனாலும் இதே பேச்சுதான். மச்சான் ஒரு கட்சிக் கொடியையும் வேட்பாளர் படத்தையும் ஸ்டேட்டஸில் வைத்தான். கம்பெனியில் பொறுப்பில் இருந்தவருக்கு வேறு கட்சி. எந்தக் கட்சி என்று நான் எழுதப்போவதில்லை. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டாலும் நடந்தது தவறுதான் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலாளி தன் தொழிலாளியை அரசியல் கருத்துக்காக நீக்கலாமா என்று யாரைக் கேட்டாலும், "அது தப்பு, சட்டம் விடாது" என்பார்கள். சட்டம் விடாது என்பது பாதிதான் உண்மை. மீதிப் பாதியில்தான் நம் மாவட்டத்துத் தொழிலாளிகளில் பெரும்பாலோர் இருக்கிறார்கள்.

சட்டத்தில் அந்த வார்த்தை எங்கே?

அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு பேச்சுரிமையையும் சங்கம் சேரும் உரிமையையும் தருகிறது. ஆனால் அது அரசை நோக்கிச் சொன்னது. தனியார் கம்பெனி முதலாளியிடம் போய் 19-ஆம் பிரிவைக் காட்ட முடியாது. அரசு வேலையில் பாகுபாடு கூடாது என்று சொல்லும் 16-ஆம் பிரிவு மதம், இனம், சாதி, பால், பரம்பரை, பிறந்த இடம், வசிப்பிடம் என்று வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையில் அரசியல் கருத்து இல்லை.

இத்தனைக்கும் இந்தியா இந்த விஷயத்தில் உலகத்துக்கு வாக்குக் கொடுத்த நாடு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 111-ஆம் உடன்படிக்கை 1958-இல் வந்தது. வேலையிலும் தொழிலிலும் பாகுபாடு கூடாத காரணங்களில் அரசியல் கருத்தை அது பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. 1960-இல் இந்தியா அதை ஏற்று உறுதி செய்தது. ஆனால் தனியார் முதலாளியைக் கட்டுப்படுத்தும் வகையில், "அரசியல் கருத்துக்காக நீக்கக் கூடாது" என்று நேராகச் சொல்லும் ஒரு சட்டம் அதற்குப் பிறகும் வரவில்லை.

அப்படியானால் நம் தொழிலாளியைக் காப்பாற்றுவது எது? சுற்றுவழியாக ஒரு காப்பு இருக்கிறது. இன்ன காரணத்துக்காக நீக்கக் கூடாது என்று சொல்வதை விட்டு, "நீக்கினால் காரணம் சொல், அதை நிரூபி" என்று கேட்கிறது நம் சட்டம். 1947-இன் தொழில் தகராறுகள் சட்டம், தொடர்ந்து ஓராண்டு வேலை பார்த்தவரை, கணக்குப்படி 240 நாள், ஆட்குறைப்பில் அனுப்புவதானால் ஒரு மாத நோட்டீசும் ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளமும் கொடுக்கச் சொன்னது. தவறு செய்தார் என்று அனுப்புவதானால் சார்ஜ் மெமோ, விசாரணை, பதில் சொல்ல வாய்ப்பு எல்லாம் வேண்டும். தண்டனை அதிகம் என்று பட்டால் தொழிலாளர் நீதிமன்றமே குறைக்கலாம் என்று 1971-இல் 11ஏ பிரிவைச் சேர்த்தார்கள். அந்தச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் நேர்மையற்ற தொழில் நடைமுறைகள் என்று ஒரு பட்டியல் இருந்தது. பழிவாங்கும் நோக்கில் நீக்குவது, நல்லெண்ணம் இல்லாமல் உரிமையைச் சாக்காக வைத்து நீக்குவது, வெளிப்படையாகப் பொய்யான காரணம் காட்டி நீக்குவது எல்லாம் அதில் வரும். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பட்டியல் இரண்டாம் அட்டவணையாகத் தொடர்கிறது.

கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் தமிழ்நாட்டில் தனிச் சட்டம். 1947-ஆம் வருடத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணம் இல்லாமலும் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் கொடுக்காமலும் அனுப்பக் கூடாது என்கிறது. வேலூர் லாங் பஜாரில் ஜவுளிக்கடையில் துணி மடிக்கும் பையனுக்கும் இது உண்டு. அந்தப் பையனுக்கு இது தெரியுமா என்பது வேறு கேள்வி.

பெரிய கம்பெனிகளில் நிலையாணைகள் என்று ஒன்று இருக்கும். எவையெல்லாம் ஒழுங்கீனம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். திருட்டு, மேலதிகாரி சொன்னதைக் கேட்காமை, அடிக்கடி சொல்லாமல் லீவு போடுவது, கம்பெனி வளாகத்தில் கலாட்டா என்று அந்தப் பட்டியல் போகும். மீரட்டில் நடந்த கிளாக்ஸோ வழக்கில் உச்ச நீதிமன்றம், பட்டியலில் இல்லாததை ஒழுங்கீனம் என்று சொல்லித் தண்டிக்க முடியாது, வளாகத்துக்கு வெளியே நடந்ததையெல்லாம் உள்ளே இழுத்து வர முடியாது என்ற நிலையை எடுத்தது. அந்த நிலையாணைகளில் எங்கேயும் ஸ்டேட்டஸில் கொடி வைப்பது என்ற குற்றம் இல்லை.

சரி, சட்டம் இப்படி இருக்கும்போது மச்சான் எப்படி வெளியே வந்தான்? காரணம் கேட்கும் சட்டத்துக்குக் கம்பெனி ஒரு காரணத்தைக் கொடுத்துவிட்டது. அவன் கையாலேயே எழுதி வாங்கிய காரணம். "சொந்தக் காரணங்களுக்காக."

அந்த மூன்றாவது வரி

ஒரு தொழிலாளியை நீக்கினால் நூறு கேள்வி வரும். அவராக விலகினால் ஒரு கேள்வியும் வராது. அதனால்தான் வெள்ளைத் தாளும் பேனாவும் தயாராக இருக்கின்றன. கூடவே இரண்டு ஆயுதங்கள்: இன்றே கைக்கு வரும் பணம், நாளை வேறு கம்பெனியில் நல்லபடியாகச் சொல்கிறோம் என்ற உறுதி. இரண்டாவதுதான் பெரிய ஆயுதம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று மூன்று ஊரிலும் ஷூ கம்பெனியும் தோல் பதனிடும் டேனரியும்தான் பிழைப்பு. பொறுப்பில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். "எங்கே வேலை பார்த்தே? ஏன் விட்டே?" என்பதுதான் புது இடத்தில் கேட்கும் முதல் கேள்வி. ஒரு போன் போட்டால் பதில் தெரிந்துவிடும். பெரிய நகரத்தில் ஒரு வேலை போனால் ஒரு வேலைதான் போகிறது. ஒரே தொழில் செய்யும் ஊரில் ஒரு வேலை போனால் மொத்த ஊரும் கதவைச் சாத்திக்கொள்ளும் பயம் இருக்கிறது.

மச்சானுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. அவனுக்கு லைன் சூப்பர்வைசர் என்று பெயர். பழைய சட்டத்தில், மேற்பார்வை வேலை பார்த்து மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் தொழிலாளி என்ற வரையறைக்குள் வர மாட்டார். இப்போது அந்த எல்லை 18,000. அவன் வாங்கியது பத்தைத் தாண்டித்தான். ஆனால் அவன் உண்மையில் என்ன செய்தான்? அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைக்கும் பிரிவில் ஒரு மெஷின் காலியாக இருந்தால் அதில் உட்கார்ந்து தைப்பான். ஊசி உடைந்தால் மாற்றுவான். பண்டல் கட்டித் தூக்குவான். யாருக்கும் லீவு கொடுக்கும் அதிகாரம்கூட அவனுக்கு இல்லை. பெயரைப் பார்க்காமல் செய்யும் வேலையைப் பார்த்துத்தான் ஒருவர் தொழிலாளியா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும் என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. கழுத்து அட்டையில் இருந்த அந்தப் பட்டத்தை அவன் பெருமையாக நினைத்திருந்தான். அது அவனுடைய பாதுகாப்பைப் பாதி தின்றுவிட்டது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

இப்படிக் காரணம் கேட்கும் வட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள் இன்னும் நிறைய. கான்ட்ராக்டில் வருபவர்; அவரைக் கம்பெனி நீக்குவதில்லை, "அந்த ஆளை நாளைக்கு அனுப்பாதே" என்று கான்ட்ராக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். 240 நாள் நிரம்புவதற்குள் நிறுத்தி நிறுத்தி எடுக்கப்படுபவர். குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் என்று எழுதி வேலைக்கு எடுக்கப்பட்டவர். காலம் முடிந்தபின் புதுப்பிக்காமல் விட்டால் அது ஆட்குறைப்புக் கணக்கில் வராது.

எல்லாருக்கும் கடைசியில் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்கள். வேலூர், குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கம் தெருவுக்குத் தெரு இந்த வேலை உண்டு. மடியில் முறம், முறத்தில் வெட்டிய இலை, தூள், நூல். வாரக் கூலி ஏஜெண்ட் கையில். 1966-ஆம் வருடத்துப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் இவர்களை மறக்கவில்லை. ஆறு மாதம் வேலை பார்த்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத நோட்டீசும் இல்லாமல் நீக்கக் கூடாது என்று அதுவும் சொன்னது. ஆனால் பீடி சுற்றும் அம்மாவை யார் நீக்குகிறார்கள்? ஏஜெண்ட் ஒரு வாரம், "இலை வரலம்மா" என்பார். அடுத்த வாரமும் இலை வராது. பக்கத்து வீட்டுக்கு மட்டும் வரும். அல்லது சுற்றிக் கொடுத்ததில் கழிவு என்று வழக்கத்தைவிட அதிகம் ஒதுக்கி வைப்பார். நீக்கம் என்ற வார்த்தையே இல்லை, காகிதமும் இல்லை. உள்ளாட்சித் தேர்தலில் அந்த வீடு யார் பக்கம் நின்றது என்பதற்கும் இலை வராததற்கும் தொடர்பு இருக்கிறது என்று எந்த நீதிமன்றத்தில் எதை வைத்துச் சொல்வது?

அரசியல் கருத்துக்கான வேலைநீக்கம் என்றதும் நமக்கு உடனே நினைவுக்கு வருவது பெரிய கம்பெனி, பெரிய அதிகாரி, பத்திரிகையில் வரும் சர்ச்சை. எனக்கு அந்த முறம்தான் நினைவுக்கு வருகிறது.

பணிமனை வாசலும் கம்பெனி வாசலும்

இதே மாவட்டத்தில் நேர் எதிரான ஒரு காட்சியும் உண்டு. அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனை வாசலுக்குப் போனால் சங்கங்களின் பெயர்ப்பலகைகள் வரிசையாக இருக்கும். தொமுச, அண்ணா தொழிற்சங்கம், சிஐடியு, ஏஐடியுசி என்று ஒவ்வொரு பலகைக்குப் பின்னாலும் ஒரு கட்சி. எந்த டிரைவர் எந்தச் சங்கம் என்பது கேட்டில் நிற்கும் காவலாளிக்கும் தெரியும். ராணிப்பேட்டை பெல் நிறுவனம் போன்ற பொதுத்துறையிலும் இப்படித்தான். கருத்து வெளிப்படையாக இருக்கிறது, வேலையும் நடக்கிறது. ஆட்சி மாறினால் ரூட் மாறும், டிப்போ மாறும் என்ற பேச்சு அங்கேயும் உண்டு. ஆனால் வேலையே போய்விடாது. வெல்டிங் செய்பவரின் கட்சி பாய்லரைப் பாதிப்பதில்லை என்பதற்குப் பல வருட நிரூபணம் நம் கண் முன்னாலேயே இருக்கிறது. கட்சி பேசினால் உற்பத்தி கெடும் என்று சொல்லும் தனியார் முதலாளி ஒருமுறை ராணிப்பேட்டை வரை போய் வரலாம்.

அரசு ஊழியர் கதை தனி. அவர் கட்சியில் சேரக் கூடாது, பிரசாரம் செய்யக் கூடாது என்று நடத்தை விதிகள் சொல்கின்றன. வாக்கு மட்டும் போடலாம். இதில் ஒரு நியாயம் இருக்கிறது. தாலுகா ஆபீசில் பட்டா மாற்றித் தருபவர் எதிரே நிற்பவரின் கட்சியைப் பார்க்கக் கூடாது. அந்தக் கட்டுப்பாட்டுக்குப் பதிலாக 311-ஆம் பிரிவு அவருக்கு விசாரணை இல்லாமல் நீக்கப்படாத உறுதியைத் தருகிறது. 2003-இல் வேலைநிறுத்தம் செய்த சுமார் 1.7 லட்சம் பேரை ஒரே வீச்சில் நீக்கியபோது அந்த உறுதி எவ்வளவு தாங்கும் என்பதையும் தமிழ்நாடு பார்த்தது. அது கருத்துக்கான நீக்கம் என்று சொல்ல முடியாது, வேலைநிறுத்தத்துக்கானது. ஆனால் அந்த வருடம் ஒவ்வொரு தெருவிலும் ஒரு வீட்டில் அடுப்பு எரியாமல் இருந்ததைப் பார்த்தவர்களுக்கு, வேலை கொடுக்கும் கை எவ்வளவு பெரியது என்பது மறக்காது.

அரசு வேலையில் கருத்தை வைத்து ஆளை நீக்குவது பற்றி உச்ச நீதிமன்றத்தின் பார்வையும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 1949-இல் ரயில்வேயில் நாட்டுப் பாதுகாப்பு விதி என்று ஒன்று கொண்டுவந்து, கம்யூனிஸ்ட் தொடர்பு என்று சில ஊழியர்களை வெளியே அனுப்பினார்கள். பாலகோட்டையா வழக்கில் 1957-இல் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. உங்கள் கருத்தை நீங்கள் வைத்துக்கொள்ளலாம், அரசு வேலையில் தொடர்வது அடிப்படை உரிமை ஆகாது என்றது. இருபத்தைந்து வருடம் கழித்து மத்தியப் பிரதேசத்தில் இருந்து ஒரு வழக்கு வந்தது. ஒரு பள்ளி ஆசிரியர், அரசுப் பணியில் சேர்க்கப்படும் முன்னால் ஆர்எஸ்எஸ், ஜனசங்கம் நிகழ்ச்சிகளில் கலந்துகொண்டார் என்று போலீஸ் அறிக்கை கொடுத்தது. வேலை போனது. ராமசங்கர் ரகுவன்ஷி வழக்கு என்ற பெயரில் 1983-இல் தீர்ப்பு. இந்தியா போலீஸ் ராஜ்யம் இல்லை, ஜனநாயகக் குடியரசு என்று எழுதினார் நீதிபதி சின்னப்ப ரெட்டி. ஒருவருடைய அரசியல் நம்பிக்கையை போலீசிடம் கேட்டு, அதை வைத்து வேலை தருவதா இல்லையா என்று முடிவு செய்வதே அரசியலமைப்புக்கு விரோதம் என்றார்.

ஒரு வழக்கில் கம்யூனிஸ்ட், இன்னொன்றில் ஆர்எஸ்எஸ். இரண்டையும் சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும். எனக்குப் பிடிக்காத கட்சிக்காரன் வேலையை இழக்கும்போது நான் பேசாமல் இருந்தால், அதே விதி நாளை என் வீட்டு வாசலுக்கு வரும்போது எடுத்துச் சொல்ல என்னிடம் வார்த்தை இருக்காது.

நெற்றி வரை நீளும் கை

வேலூர்க்காரர்களுக்கு இந்த விஷயம் புதிதில்லை. 1806 ஜூலை 10 அன்று கோட்டையில் நடந்ததைச் சிப்பாய்ப் புரட்சி என்று பள்ளியில் படிக்கிறோம். அதற்கு இரண்டு மாதம் முன்னால் நடந்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை. பணியில் இருக்கும்போது நெற்றியில் மதக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் சேர்ந்த புதுத் தலைப்பாகை கட்ட வேண்டும் என்று உத்தரவு. மறுத்த சிப்பாய்களை 1806 மே மாதம் சென்னைக்கு அனுப்பினார்கள். ஒரு இந்து, ஒரு முஸ்லிம், இருவருக்கும் தலா 90 கசையடி கொடுத்து வேலையை விட்டு நீக்கினார்கள். இன்னும் 19 பேருக்கு ஐம்பது கசையடி விதித்து, மன்னிப்புக் கேட்ட பிறகு விட்டார்கள். கலகத்துக்குப் பின் அந்த உத்தரவுகள் திரும்பப் பெறப்பட்டன. கவர்னர் பென்டிங்கும் தளபதி கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

திப்புவின் குடும்பம் கோட்டைக்குள் இருந்தது, சம்பளக் குறை இருந்தது என்று கலகத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் துப்பாக்கி பிடிக்கும் கைக்குத்தான் கிழக்கிந்தியக் கம்பெனி கூலி கொடுத்தது. அந்தக் கூலியை வைத்து அது நெற்றியையும் கேட்டது. இன்று போனுக்குள் எட்டிப் பார்க்கும் கையும் அதே நீளம்தான்.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்?

அமெரிக்காவில் பெரும்பாலும் தனியார் முதலாளி காரணமே சொல்லாமல் நீக்கலாம். அங்கே பேச்சுரிமைச் சட்டமும் அரசைத்தான் கட்டுப்படுத்துகிறது. கலிபோர்னியா, நியூயார்க் போன்ற சில மாநிலங்கள் மட்டும் வேலை நேரத்துக்கு வெளியே செய்யும் அரசியலுக்குப் பாதுகாப்புத் தருகின்றன. காட்பாடியில் ரயில் ஏறி பெங்களூரு போய் அமெரிக்கக் கம்பெனியில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் கையெழுத்துப் போடும் சமூக வலைத்தள விதிகள் அந்த ஊர் மனப்பான்மையோடு எழுதப்பட்டவை. ஜெர்மனியில் 1972-இல் தீவிரவாதக் கொள்கைக்காரர்கள் அரசுப் பணிக்கு வரக் கூடாது என்று ஓர் ஆணை வந்தது. கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்ததற்காக நீக்கப்பட்ட ஒரு பள்ளி ஆசிரியை வழக்குப் போட்டு, 1995-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் வென்றார். வகுப்பறையில் அவர் கட்சி பேசினார் என்று யாரும் குற்றம் சொல்லவே இல்லை.

ஆனால் நிதானமாகப் பார்க்க வேண்டியது இங்கிலாந்து வழக்கு. பிராட்ஃபோர்டு நகரில் ஒரு டிரைவர். மாற்றுத்திறனாளிகளை வண்டியில் அழைத்துப் போகும் வேலை. பயணிகளில் பெரும்பாலோர் ஆசிய வம்சாவளியினர். இவரோ வெள்ளையரைத் தவிர யாரையும் உறுப்பினராகச் சேர்க்காத கட்சியின் ஆள், 2004-இல் அந்தக் கட்சி சார்பில் கவுன்சிலராகவும் தேர்வானார். உடனே வேலை போனது. இப்படிப்பட்ட கட்சிக்காரனிடம் நம் வீட்டு முதியவரை வண்டியில் ஏற்றி அனுப்புவோமா என்று கேட்டால் என் மனதும் தயங்குகிறது. ஆனால் நடந்த விவரங்கள் வேறு மாதிரி இருந்தன. அவர் மேல் ஒரு பயணியும் புகார் சொன்னதில்லை. ஆசியரான அவருடைய மேலாளரே அவரைச் சிறந்த ஊழியர் விருதுக்குப் பரிந்துரைத்திருந்தார். அவர் என்ன செய்தார் என்பதை நிறுவனம் பார்க்கவில்லை, என்ன செய்துவிடுவாரோ என்று பயந்தது. ஓராண்டு சர்வீஸ் இல்லை என்பதால் அந்த நாட்டுச் சட்டப்படி அவரால் நேராக வழக்கே போட முடியவில்லை. 2012-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நீக்கியது சரியா தவறா என்பதைவிட, கட்சிக்காக நீக்கப்பட்ட ஒருவர் போய்க் கேட்க ஓர் இடமே இல்லாமல் இருந்ததுதான் குறை என்றது. அதன் பிறகு 2013-இல் பிரிட்டன் சட்டத்தைத் திருத்தியது. அரசியல் கருத்து காரணமாக நீக்கப்பட்டேன் என்று சொல்பவருக்கு இத்தனை வருட சர்வீஸ் வேண்டும் என்ற நிபந்தனை இனி இல்லை.

நம் 240 நாள் கணக்கிலும் அப்படி ஒரு விலக்கு வேண்டும் என்பதுதான் நான் கேட்பது. முதல் நாளே வேலைக்கு வந்தவராக இருந்தாலும், கான்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும், "கட்சிக்காக என்னை அனுப்பினார்கள்" என்று சொன்னால் அதைக் கேட்க ஓர் அதிகாரி இருக்க வேண்டும்.

கஷ்டமான கேள்விகள்

எதற்குமே நீக்கக் கூடாதா என்று கேட்கலாம். லைன் சூப்பர்வைசர் ஒருவர், இன்ன சாதிக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட முடியாது என்று ஸ்டேட்டஸ் வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே ஆள்தான் யாருக்கு ஓவர்டைம், யாரை எந்த மெஷினில் உட்கார வைப்பது என்று தீர்மானிக்கிறார். இதை அரசியல் கருத்து என்று சொல்லி விட்டுவிட முடியாது. எழுதிய விதத்தைப் பொறுத்து 1989-ஆம் வருடத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றமாகவும் ஆகலாம். அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், முதலில் செய்ய வேண்டியது மற்றவர் மேல் அவருக்கு இருக்கும் அதிகாரத்தை எடுப்பது. பிறகு நோட்டீஸ், விசாரணை. அவர் யாருக்காவது வேலையில் பாகுபாடு காட்டியிருந்தால் அதற்காக நீக்கட்டும், அதைக் காகிதத்தில் எழுதி நீக்கட்டும்.

வேறு சில இடங்களில் கருத்தே வேலையாக இருக்கும். கட்சி அலுவலகத்தில் அறிக்கை எழுதுபவர் எதிர்க்கட்சிக்கு மாறினால் அங்கே தொடர முடியாது. கொள்கைப் பத்திரிகைக்கும் அப்படியே. இதில் சண்டை போட ஒன்றுமில்லை.

சின்ன முதலாளிகள் விஷயத்தில் எனக்கு இரக்கம் உண்டு. குடியாத்தத்தில் வீட்டுக்குள்ளேயே நாலு தறி போட்டுக் கைலி நெய்பவர் வீட்டில், நெய்ய வருபவர் அந்த வீட்டுச் சோறே சாப்பிடுவார். இரண்டு பேருக்கும் தேர்தல் நேரத்தில் வாய்ச்சண்டை வந்து முகம் பார்க்க முடியாமல் போனால், நாள் சொல்லி, கணக்கு முடித்து, கௌரவமாகப் பிரிவதில் தவறு காண மாட்டேன். ஆனால் வாசலில் செக்யூரிட்டி, கழுத்தில் அட்டை, விரல் வைத்தால் திறக்கும் கதவு என்று வந்த பிறகு, அது யாருடைய வீட்டுத் திண்ணையும் இல்லை. அங்கே முதலாளிக்குப் பிடிக்கவில்லை என்பது ஒரு காரணம் ஆகாது.

வாக்கு ரகசியம் என்று சட்டம் வைத்ததே பண்ணையாருக்கும் முதலாளிக்கும் பயப்படாமல் ஒருவர் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதற்காகத்தான். ஒருவருடைய வாக்கைத் திருப்ப வேலையைக் காட்டி மிரட்டினால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 171-ஆம் பிரிவில் தேர்தல் குற்றம். வாக்குப் போடும் அந்த ஒரு நிமிடத்துக்கு இவ்வளவு காவல் போட்டுவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் வாயைத் திறந்தால் சோறு போய்விடும் என்று விட்டு வைப்பது எப்படி நியாயம்? யோசித்துப் பேசி, பிறர் பேசுவதையும் கேட்டுத்தானே ஒருவர் முடிவுக்கு வருகிறார்.

இப்போதைக்கு ஒருவர் செய்யக்கூடியவை சில. வெள்ளைத் தாளை நீட்டினால் அங்கேயே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வெளியே வரலாம். போட்டே ஆக வேண்டிய நிலை என்றால், அன்றைக்கே என்ன நடந்தது என்று எழுதிப் பதிவுத் தபாலில் கம்பெனிக்கும் தொழிலாளர் துறைக்கும் அனுப்பலாம். கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமாவை வேலைநீக்கமாகவே எடுத்துக்கொள்ள நீதிமன்றங்களில் வழி உண்டு. ஆனால் கட்டாயம் இருந்தது என்று காட்ட வேண்டியவர் தொழிலாளிதான். அந்தத் தபால் ரசீதுதான் அவருக்கு இருக்கும் சாட்சி. வேலூரிலேயே தொழிலாளர் நீதிமன்றம் இருக்கிறது, சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. சமரச அதிகாரியிடம் மனுக் கொடுத்து 45 நாள் ஆகியும் முடியவில்லை என்றால் நேராக அங்கே போகும் வழியைப் பழைய சட்டத்தில் 2010-இல் வந்த திருத்தம் திறந்துவிட்டிருந்தது.

மச்சான் இப்போது காட்பாடி பக்கம் வேறு வேலையில் இருக்கிறான். 2024 தேர்தல் சமயத்தில் அவன் ஸ்டேட்டஸில் பிள்ளையார் படம் இருந்தது. அந்த ராஜினாமாக் கடிதத்தை அன்று போனில் படம் எடுத்து வைத்திருந்தான்; போன வருடம் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டு வந்தபோது அது கண்ணில் பட்டு, "மாமா, இதை வெச்சு இப்ப ஏதாவது பண்ண முடியுமா?" என்று கேட்டான். அவன் வேலையை விட்டபோது இருந்த சட்டப்படி, நீக்கிய நாளிலிருந்து 3 வருடத்துக்குள் போக வேண்டும். அது 2022 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. நான் அந்தப் பிரிவை முதன்முதலாகப் படித்தது 2023-இல்.